பேச்சைப் பறித்த திரை

நடுவர் அவர்களே, இரு அணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

காலம் கடந்து நிற்கும் நாவல்கள் நம்மிடம் முழுமையாக வந்து சேர்வது எழுத்திலா, திரையிலா என்பது இன்றைய தலைப்பு. எழுத்தில்தான் என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தோழி ‘தில்லானா மோகனாம்பாள்’ கதையை எடுத்துக்கொண்டு, கொத்தமங்கலம் சுப்பு எத்தனை பக்கம் எழுதினாலும் நாதஸ்வரம் காதில் விழுமா என்று கேட்டார். விழாது. 1968-இல் வந்த படத்துக்காக மதுரை சேதுராமன் - பொன்னுசாமி சகோதரர்கள் வாசித்த வாசிப்பை எந்த எழுத்தும் தந்துவிட முடியாது. மனதார ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு மனிதன் ஏன் இப்படி ஆனான் என்று நம்மை உட்காரவைத்து யோசிக்கவிடுவது நாவலின் வேலை. அந்த இடத்துக்கு வந்ததும் திரை அவசரப்பட்டுத் தானே பதில் சொல்லிவிடுகிறது. பல நேரம் தப்பான பதில்.

‘ஃபிராங்கன்ஸ்டைன்’ என்றதும் உங்களுக்கு என்ன தோன்றுகிறது? தட்டையான தலை, கழுத்தில் ஆணி, உறுமல். அது 1931-இல் வந்த படம் கொடுத்த உருவம். மேரி ஷெல்லி 1818-இல் வெளியிட்ட நாவலில் அந்த உயிருக்குப் பெயரே கிடையாது. ஃபிராங்கன்ஸ்டைன் என்பது அதை உண்டாக்கியவனின் பெயர். பிறந்த அன்றைக்கே படைத்தவன் பயந்து ஓடிவிடுகிறான். அப்புறம் அந்த உயிர் ஒரு குடிசையை ஒட்டிய கொட்டிலில் ஒளிந்துகொண்டு, சுவரின் இடுக்கு வழியே ஓர் ஏழைக் குடும்பத்தைப் பார்த்துப் பார்த்தே மொழி கற்றுக்கொள்கிறது. ஆங்கிலக் கவிஞர் மில்டனைப் படிக்கிறது. இரவில் அவர்களுக்குத் தெரியாமல் விறகு கொண்டுவந்து போடுகிறது. ஒருநாள் துணிந்து, அந்த வீட்டின் பார்வையற்ற பெரியவரிடம் போய்ப் பேசுகிறது. அவர் அன்பாகப் பேசுகிறார். முகம் தெரியாததால் பேசுகிறார். வெளியே போயிருந்த மகன் திரும்பி வருகிறான், பார்க்கிறான், கம்பை எடுத்து அடிக்கிறான். நினைத்தால் அவனைப் பிய்த்து எறியும் பலம் அந்த உயிருக்கு உண்டு. திருப்பி அடிக்கவில்லை. அதன் வெறுப்பு அதற்குப் பிறகுதான் முற்றுகிறது, கொலைகளும் அதற்குப் பிறகுதான்.

படம் என்ன செய்தது? உதவியாளன் ஒருவன் மருத்துவக் கல்லூரியில் நல்ல மூளையைக் கீழே போட்டுவிட்டு, ஒரு குற்றவாளியின் மூளையை எடுத்து வந்துவிட்டான் என்றது. அவ்வளவுதான், கணக்கு முடிந்தது! நாவலைப் படித்தவன், நாம் விரட்டியதால் இவன் இப்படி ஆனானோ என்று தூக்கம் கெடுகிறான். படம் பார்த்தவனுக்கு அந்தத் தொல்லை இல்லை. மூளை கெட்டது, ஆள் கெட்டான். பக்கம் பக்கமாகத் தன் கதையைச் சொன்ன ஒரு ஜீவனுக்கு அந்தப் படத்தில் ஒரு வார்த்தை கூடப் பேச்சு இல்லை. 1935-இல் வந்த அடுத்த படத்தில் சில சொற்களைக் கொடுத்தார்கள், உண்மைதான். அதற்குள் உறுமல் ஊரெல்லாம் பரவிவிட்டது.

நம் ‘பொன்னியின் செல்வ’னுக்கு வருகிறேன். ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்? உடையார்குடிக் கல்வெட்டு ரவிதாசன் முதலானவர்களைத் துரோகிகள் என்று பெயர் சொல்லியே குறிக்கிறது. கல்கி நினைத்திருந்தால் அப்படியே எழுதிவிட்டுப் போயிருக்கலாம். அவர் அந்த அறையை இருட்டாக்கினார். நந்தினியா, பழுவேட்டரையரா, ரவிதாசனா, தானே குத்திக்கொண்டானா என்று இன்றுவரை வீட்டுக்கு வீடு சண்டை நடக்கிறது. இரண்டாம் பாகப் படம் கத்தியையும் காட்டியது, கையையும் காட்டியது. அருமையாகத்தான் எடுத்திருந்தார்கள், நானும் கண் கலங்கினேன். ஆனால் வெளியே வந்த பிறகு அதைப் பற்றி வாதாட என்ன மிச்சம்?

தொலைக்காட்சித் தொடருக்கு நேரம் தாராளமாக உண்டே என்பது எதிரணியின் இன்னொரு வாதம். சரி. ஜேன் ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலை பிபிசி 1995-இல் ஆறு பகுதிகளாக எடுத்தது. கவனமாக எடுத்த தொடர். அதில் இன்றும் பேசப்படுவது நாயகன் டார்சி குளத்தில் குதித்து நனைந்த சட்டையோடு வரும் காட்சி. 2013-இல் லண்டனில் ஓர் ஏரிக்குள் அதற்கு 12 அடிச் சிலையே வைத்தார்கள். அந்தக் காட்சி நாவலில் கிடையாது. நாவலில் நாயகி எலிசபெத் மாறத் தொடங்குவது டார்சியின் கடிதத்தைப் படிக்கும்போது. முதலில் கோபத்தோடு படிக்கிறாள். மடித்து வைக்கிறாள். அரை நிமிடம் கூட ஆகவில்லை, திரும்ப விரிக்கிறாள். ஒவ்வொரு வரியாகத் தன் நினைவோடு ஒத்துப் பார்க்கிறாள். இதுவரை என்னையே நான் அறியவில்லையே என்று வெட்கப்படுகிறாள். வெளியே நடப்பது ஒன்றுமில்லை. ஒரு பெண் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே நடக்கிறாள். கேமராவுக்கு அங்கே என்ன வேலை?

ஜெயகாந்தனின் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ படத்தை எதிரணி கட்டாயம் எடுத்துவரும். திரைக்கதையும் அவரே, நாயகி கங்காவாக நடித்த லட்சுமிக்குத் தேசிய விருது. நல்ல படம். ஆனாலும், புத்தகத்தில் கங்கா தன் வாயால் தன்னைப் பற்றிச் சொல்லும்போது நமக்குக் கிடைக்கும் நெருக்கம் படத்தில் குறைவுதான்.

படம் வந்ததால்தானே பலர் புத்தகத்தை வாங்கினார்கள் என்கிறார்கள். மகிழ்ச்சி. ஆனால் படத்தில் எல்லாம் கிடைத்துவிட்டிருந்தால், பார்த்தவர்கள் எதற்காகப் புத்தகம் தேடிப் போகிறார்கள்?

அடுத்துப் பேச வருபவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டு அமர்கிறேன். ‘பொன்னியின் செல்வன்’ என்ற ஐந்து பாக நாவலை இரண்டு படங்களாக ஐந்தரை மணி நேரத்தில் சொல்ல வேண்டியிருந்தது, சிலரை விட வேண்டியதுதான், புரிகிறது. அப்படி விடப்பட்டவர்களில் ஒருத்தி மணிமேகலை. வந்தியத்தேவன் மீது பழி வந்தபோது, கரிகாலனைக் கொன்றது நான்தான் என்று சொல்லத் துணிந்த பெண். பட்டாபிஷேகம், வெற்றி எல்லாவற்றையும் தாண்டி, கல்கி தன் கடைசி அத்தியாயத்தை அவள் சாவுக்குக் கொடுத்தார். அவளே இல்லாத கதையைப் பார்த்தவர் ‘பொன்னியின் செல்வன்’ முடிந்துவிட்டது என்று எப்படிச் சொல்வார்? பதில் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.