சுவரில் இருக்கும் டிவி கேபிளிலேயே நெட் கொண்டு போகலாமா?

அடுத்த கேள்வி நியூஜெர்சியில் இருக்கும் ஒரு நேயருடையது. வாடகை வீடு. ரவுட்டர் கீழே ஹாலில், இவர் ஆபீஸ் வேலை பார்க்கும் அறை மாடியில். மீட்டிங் நடுவில் வைஃபை கட் ஆகிவிடுகிறது. சுவரைத் துளைத்து ஒயர் இழுக்க வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. ஆனால் அறைக்கு ஒரு டிவி கேபிள் பாயின்ட் சும்மா கிடக்கிறது, அதைப் பயன்படுத்த முடியுமா என்று கேட்கிறார்.

தாராளமாக முடியும். டிவி கேபிள் வழியாகவே நெட் அனுப்பும் இந்த முறைக்கு மோக்கா (MoCA) என்று பெயர். சின்னப் பெட்டி இரண்டு வாங்க வேண்டும். ஒன்றை ரவுட்டர் பக்கத்தில் வைத்து, ரவுட்டரின் லேன் போர்ட்டிலிருந்து அதற்கு ஒரு ஈதர்நெட் ஒயர், அதிலிருந்து சுவரில் இருக்கும் கேபிள் பாயின்டுக்கு ஒரு டிவி கேபிள் ஒயர். மாடியிலும் இதே கதைதான்: சுவரிலிருந்து பெட்டிக்கு, பெட்டியிலிருந்து கம்ப்யூட்டருக்கு. கேபிள் கம்பெனி கொடுத்த ரவுட்டரிலேயே சில சமயம் மோக்கா இருக்கும். அப்படியானால் ஒரு பெட்டி போதும், வாங்கும் முன் பார்த்துவிடுங்கள்.

டிவி சிக்னலோடு மோதாதா? கேபிள் டிவி பொதுவாக 1000 மெகாஹெர்ட்ஸுக்குள் முடிந்துவிடும். மோக்கா 1125 முதல் 1675 வரை ஓடுகிறது. அதனால் ஒரே ஒயரில் இரண்டும் போகும். மோக்கா 2.5 பெட்டி என்றால் 2.5 ஜிகாபிட் வரை வரும், அதை எல்லாப் பெட்டிகளும் பகிர்ந்துகொள்ளும். வீடியோ மீட்டிங்குக்கு இது எக்கச்சக்கம்.

பெட்டியை மாட்டுவது ஐந்து நிமிட வேலை. பாடு எல்லாம் ஸ்ப்ளிட்டரில்தான், அதாவது வெளியிலிருந்து வரும் ஒரு கேபிளை ஒவ்வொரு அறைக்கும் பிரித்துக் கொடுக்கும் துண்டில். நானே முதல் தடவை அரை நாள் பெட்டியைத் திட்டிக்கொண்டிருந்தேன், கேபிள் விளக்கு எரியவே இல்லை. கடைசியில் பேஸ்மென்டில் போய்ப் பார்த்தால், அந்த அறையின் ஒயர் ஸ்ப்ளிட்டரில் மாட்டாமல் அந்தரத்தில் தொங்குகிறது! அதனால் முதலில் டார்ச் எடுத்துக்கொண்டு பேஸ்மென்ட், கராஜ், வெளிச்சுவர்ப் பெட்டி எல்லாம் தேடி, எல்லா ஒயரும் வந்து சேரும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். ஸ்ப்ளிட்டர் மேல் பொடி எழுத்தில் 5-1000 என்று போட்டிருந்தால் அது 1000 மெகாஹெர்ட்ஸ் வரைக்குமான பழசு. சில வீட்டில் அதிலும் ஓடிவிடும், ஆனால் வேகம் அடிவாங்கும். 5-1675 என்று போட்டதாக ஒன்று வாங்கி மாற்றுங்கள், விலை அதிகமில்லை. மூன்று அறைக்கு எட்டு வழி ஸ்ப்ளிட்டர் வேண்டாம், ஒவ்வொரு பிரிவிலும் சிக்னல் குறையும். வாடகை வீடு என்பதால் பழசைத் தூக்கிப் போடாதீர்கள், காலி செய்யும்போது திரும்ப மாட்ட வேண்டியிருக்கும். திருகும்போது கையால் இறுக்கிவிட்டு, ஸ்பேனரில் கால் சுற்று. அவ்வளவுதான்.

அப்புறம் பிஓஇ (PoE, பாயின்ட் ஆஃப் என்ட்ரி) ஃபில்டர். ஈதர்நெட் ஒயரில் கரண்ட் அனுப்புவதற்கும் இதே மூன்றெழுத்துதான், கடையில் குழப்பிக்கொள்ளாதீர்கள். இது விரல் நீளம்கூட இல்லாத உலோகத் துண்டு. தெருவிலிருந்து வரும் லைன் ஸ்ப்ளிட்டரில் நுழையும் இடத்தில் திருக வேண்டும். உங்கள் மோக்கா சிக்னல் பக்கத்து வீட்டுக்குப் போகாமல் தடுத்து, உள்ளேயே திருப்பி அனுப்பும். இதை விட்டுவிடாதீர்கள்.

கடைசியில் இன்னொன்றும் கேட்டிருக்கிறார்: தாம்பரத்தில் அப்பா வீட்டு டிடிஎச் ஒயரிலும் இதைச் செய்யலாமா? டிஷ்ஷிலிருந்து இறங்கும் சிக்னல் 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரை, அதாவது மோக்கா ஓடும் அதே இடம். டிவி ஓடும் ஒயரில் வேண்டாம். உபயோகமில்லாத பழைய ஒயர் பைப்புக்குள் கிடந்தால், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அதன் நுனியில் கேட்-6 ஈதர்நெட் ஒயரைக் கட்டி மறுபக்கம் இழுத்துவிடுவார், பெட்டியே தேவைப்படாது.