சனிக்கிழமைச் சம்பளமும் மாத்திரை அட்டையும்

எல்லாருக்கும் வணக்கமுங்க. சனிக்கிழமை சாயங்காலம் பனியன் கம்பெனியில, தறிக்குடோன்ல சம்பளம் வாங்கிட்டு வர்றவங்கள்ல சில பேர் ரெண்டு கடையில நிப்பாங்க. ஒண்ணு டாஸ்மாக், இன்னொண்ணு மெடிக்கல். ரெண்டு சாமானும் ஒரே பையில வீட்டுக்கு வரும். அந்தப் பையைப் பத்தித்தான் இன்னைக்குப் பேச்சு. குடிக்கலாமா கூடாதான்னு புத்தி சொல்ல நான் வரலீங்க, அதுக்கு வீட்ல ஆள் இருக்காங்க.

மெடிக்கல்ல அடிக்கடி வர்ற கேள்வி இது: “ஏனுங்க, எட்டு மணிக்குக் குடிச்சா பத்து மணிக்கு மாத்திரை போடலாமுங்களா?” கணக்குப் பண்ணிப் பாருங்க. ஒரு குவாட்டர், 180 மில்லி பிராந்தியில, ஆல்கஹால் மட்டும் சுமாரா 60 கிராம் இருக்கு. நம்ம ஈரல் ஒரு மணி நேரத்துல 7லிருந்து 10 கிராம்தான் கரைக்கும். அப்ப ஆறு மணி நேரத்துக்குக் குறையாது, எட்டுக்கு மேலயும் போகும். மோர் குடிச்சாலும் தலைக்குத் தண்ணி ஊத்துனாலும் இந்தக் கணக்கு மாறாதுங்க. மாத்திரையும் சும்மா இல்லை, சில மாத்திரை காலைல போட்டது ராத்திரி வரைக்கும் உடம்புல வேலை செஞ்சுட்டு இருக்கும். ரெண்டு மணி நேரம் இடைவெளி விட்டேங்கறது மனசுக்கு ஆறுதல், அவ்வளவுதான்.

சுகர் மாத்திரைக்கு வர்றேன். இதுல கொஞ்சம் நின்னு பேசோணும். கிளிமெப்பிரைடு, கிளிபென்கிளமைடு மாதிரி மாத்திரை இருக்குதுங்களே, அது இன்சுலினைச் சுரக்க வெச்சு சர்க்கரையை இறக்கும். நாம சாப்பிடாதப்ப சர்க்கரை ரொம்பக் கீழ போயிடாம ஈரல்தான் புதுசா உண்டாக்கி ரத்தத்துல விடும். குடிச்சா அந்த வேலை தடைபட்டுப் போகும். நோம்பிக்குக் கிடா வெட்டு, ஒறம்பரைக்காரங்க எல்லாம் வந்தாச்சு, கறி வேக மணி மூணாகும். காலைல மாத்திரை போட்டவர் வெறும் வயித்துல ரெண்டு ரவுண்டு போட்டுட்டு உக்காந்திருக்கார். மாத்திரை இறக்குது, ஏத்திவிட வேண்டிய ஈரலுக்குக் கையில்லை.

அப்ப என்ன ஆகும்? வேர்த்துக் கொட்டும், கை நடுங்கும், பேச்சு குழறும், நடை தள்ளாடும், காரணமில்லாம கோபம் வரும். பாக்கறவங்களுக்கு எப்படித் தெரியும் சொல்லுங்க? வாயில சரக்கு வாசம் வருது, மப்புல இருக்கார்னுதான். “தூங்குனாச் சரியாயிரும், விடப்பா”ன்னு திண்ணையில படுக்க வெச்சுருவாங்க. உசுரு போறது இந்த இடத்துலதானுங்க. வாசம் வருதுன்னு விட்டுறாதீங்க.

வீட்ல மிஷின் இருந்தா விரல்ல குத்திப் பாருங்க. 70க்குக் கீழ இருந்தா சர்க்கரை தாழ்ந்திருக்குன்னு அர்த்தம். மிஷின் இல்லைன்னா காத்திருக்காதீங்க. முழிச்சிருந்து, முழுங்க முடிஞ்சா, மூணு டீஸ்பூன் சர்க்கரையைக் குமிச்சு எடுத்துத் தண்ணில கரைச்சுக் குடுங்க. 15 நிமிஷம் கழிச்சும் தெளியலைன்னா இன்னொரு தடவை. தெளிஞ்சதும் சோறு போடுங்க. தட்டி எழுப்பியும் எந்திரிக்கலைன்னா வாயில ஒண்ணும் ஊத்தாதீங்க, புரையேறிரும். ஒருக்களிச்சுப் படுக்க வெச்சுட்டு 108க்குக் கூப்பிடுங்க. எந்திரிச்சு உக்காந்துட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போகோணும், ஏன்னா இந்த மாத்திரை மறுபடியும் சர்க்கரையை இறக்கும். விடியக்காலைல கூட இறங்கும். திருப்பிச் சொல்றேன், வாசம் வருதுன்னு விட்டுறாதீங்க.

அடுத்தது பாராசிட்டமால். சாதுவான மாத்திரைன்னு பேரு. பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராம், அதாவது 4000 மில்லிகிராம், தாண்டக் கூடாது. காய்ச்சலுக்கு 650 மில்லிகிராம் மூணு வேளை, சளி மாத்திரைக்குள்ள 500 மூணு வேளை, இடுப்பு வலி மாத்திரைக்குள்ள 325 ரெண்டு வேளை. கூட்டிப் பாருங்க, 4100 மில்லிகிராம் ஆச்சு! மூணு மாத்திரைக்கும் பேரு வேற, உள்ள இருக்கறது ஒண்ணேதான். அட்டையைத் திருப்பி, பொடி எழுத்தைப் படிங்க. தினமும் குடிக்கறவங்க ஈரல்ல இந்த மருந்துல இருந்து வர்ற நஞ்சு அதிகமாகும், அதை முறிக்கற சத்து குறைவா இருக்கும். அவங்களுக்கு 2 கிராமே உச்சம்னு டாக்டருங்க சொல்றது அதனாலதான். வலி மாத்திரை டைக்ளோபினாக்கோட குடியும் சேர்ந்தா வயித்துல ரத்தக்கசிவு வரலாம். மலம் தார் மாதிரி கருப்பாப் போனா அன்னைக்கே ஆஸ்பத்திரி.

வயித்துப்போக்குக்கும் பல் சீழுக்கும் குடுக்கற மெட்ரோனிடசோல் சாப்பிடறப்ப குடிச்சா மூஞ்சி செவந்து, நெஞ்சு படபடன்னு அடிச்சு, வாந்தி நிக்காம வரலாம். கடைசி மாத்திரைக்கு அப்பறம் ரெண்டு நாள், டினிடசோல்னா மூணு நாள் தள்ளிருக்கோணும். அரிஷ்டம் கூட ஆகாதுங்க, அதுலயும் ஆல்கஹால் இருக்கு.

மணி ஆச்சுன்னு கை காட்டறாங்க. தூக்க மாத்திரையும் குடியும் சேர்ந்தா மூச்சே அடங்கிப் போகும், அதை விரிவாச் சொல்ல இப்ப நேரமில்லை. ஒண்ணு மட்டும். குடியை நிறுத்தற மாத்திரையைக் குடிக்கறவருக்குத் தெரியாம குழம்புல கலந்து குடுக்கற பழக்கம் இருக்குது. டைசல்பிராம் அது. மாத்திரையை நிறுத்தி ரெண்டு வாரம் வரைக்கும் அதோட வேலை உடம்புல இருக்கும், தெரியாம அவர் குடிச்சா இதயமே நின்னு போகலாம். தயவுசெஞ்சு வேண்டாமுங்க. வருஷக்கணக்கா குடிச்சவரு ஒரே நாள்ல நிறுத்துனாலும் ரெண்டு நாளைக்குள்ள வலிப்பு வரலாம், டாக்டர் கண்காணிப்புல நிறுத்தோணும். சந்தேகம் இருந்தா 104க்குப் போன் பண்ணிக் கேளுங்க. வர்றேனுங்க, வணக்கம்.