வரப்புக்கு முன்சீப் கோர்ட், குளத்துக்கு மதுரைக் கிளை

அண்ணாச்சிமார்களே, அக்காமார்களே,

வழக்குப் போட வேண்டும் என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: உங்களுக்கு எதிரே நிற்பது பக்கத்து வயல்காரரா, அதிகாரத்தோடு வந்த அரசாங்கமா? இது தெரியாமல் தப்பான கோர்ட்டுக்குப் போய் வருஷக்கணக்கில் அலைந்தவர்கள் நம் சீமையில் நிறையப் பேர்.

பிசான நடவுக்கு முன்னால் பக்கத்து வயல்காரர் வரப்பை ஒரு முழம் வெட்டித் தன் பக்கம் சேர்த்துக்கொள்கிறார். இது சிவில் விவகாரம்; முன்சீப் கோர்ட் போன்ற சிவில் கோர்ட்டுக்குப் போக வேண்டும். நீங்கள் வாதி, அவர் பிரதிவாதி; இருவரும் ஒரே தட்டு. பத்திரம் காட்டி, சாட்சி சொல்லி, கோர்ட் நியமிக்கும் கமிஷனர் வைத்து அளந்து, வரப்பில் இனிக் கை வைக்கக்கூடாது என்ற உறுத்துக் கட்டளை வாங்க வேண்டும். உங்களுக்காக ஊரார் யாரும் தாவா போட முடியாது. சுவாதீனம், அதாவது நிலத்தின் கைவசம், போய் 12 ஆண்டு சும்மா இருந்தால் நிலத்தைத் திரும்பக் கேட்கும் வழக்கே பொதுவாகக் காலாவதி.

சரி, அதே வயலுக்குப் பாயும் குளத்தின் வரத்துக்காலை ஒருவர் மண் கொட்டி அடைக்கிறார். மனு மேல் மனு கொடுத்தும் தாசில்தார் அசையவில்லை. 1905-ம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம் வருவாய்த்துறைக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. அதோடு கடமையும் வந்துவிடுகிறது. அதைச் செய்யச் சொல்லி அரசியலமைப்பின் 226-வது பிரிவில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் மனு, அதாவது அதிகாரிக்கு உத்தரவிடக் கேட்கும் மனு, போடலாம். 2004-ல் அந்தக் கிளை வந்த பிறகு இதற்காக நாம் சென்னைக்கு ரயிலேற வேண்டியதில்லை. வயலே இல்லாதவர்கூடப் பொதுநல வழக்காகக் கேட்கலாம்.

ஆனால் நோட்டீஸ் கொடுக்காமல், பதில் கேட்காமல் அதிகாரி ஜேசிபியோடு வந்து இடித்தால் அதுவும் தப்பு. ஆக்கிரமித்தவரும் ரிட் போடலாம். நீங்களும் நானும் சட்டம் தடுக்காத எதையும் செய்யலாம். அதிகாரி சட்டம் அனுமதித்ததை மட்டுமே செய்யலாம். அரசாங்கத்தைக் கட்டுப்படுத்தும் பொதுச் சட்டத்தின் உயிரே இதில்தான் இருக்கிறது. கையெழுத்துப் போடும் ஒவ்வொருவர் மேஜையிலும் இதை எழுதி வைக்க வேண்டும் என்பது என் ஆசை.

அரசாங்கமே உங்கள் கட்டடத்தில் குடியிருந்து வாடகை பாக்கி வைத்தால்? அப்போது அதுவும் ஒரு வாடகைதாரர்தான். உரிமையியல் நடைமுறைச் சட்டம் 80-வது பிரிவின்படி இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டு சிவில் கோர்ட்டுக்குப் போகலாம்.

அப்புறம் பட்டா. “பேர் மாத்திட்டாங்க, நிலமே போச்சு” என்று பதறி வருகிறார்கள். பட்டா வருவாய்த்துறைப் பதிவு. அது மட்டுமே பாத்தியத்தை, அதாவது நிலம் யாருக்குச் சொந்தம் என்பதை, தீர்மானிக்காது. பாத்தியம் யாருக்கு என்று சாட்சியை விசாரித்துச் சொல்ல வேண்டியது சிவில் கோர்ட். அதை ரிட்டாகக் கொண்டுபோனால் பெரும்பாலும் மதுரையிலிருந்து திருப்பித்தான் அனுப்புவார்கள். மூலப் பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் எடுத்துக்கொண்டு நேரே ஒரு சிவில் வக்கீலைப் பாருங்கள்.