ஆற்றோரத்தில் ஒரு பூட்டிய கப்பல்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, வரவேற்புரையை மூன்றே நிமிடத்தில் முடித்து வழிகாட்டிய செயலாளர் அவர்களே (அந்த வழியில் நான் போகப்போவதில்லை, பொறுத்துக்கொள்ள வேண்டும்), முன்வரிசையில் வீற்றிருக்கும் நகர்மன்ற உறுப்பினர் பெருமக்களே, பிளம்பிங், ஏசி, லிப்ட் வேலை பார்க்கும் தோழர்களே, தாய்மார்களே, வணக்கம். எனக்குப் பின் பேசவிருக்கும் பேராசிரியர் அம்மா அவர்களுக்குத் தனி வணக்கம். அவர்களுடைய நேரத்தில்தான் கொஞ்சம் கடன் வாங்கப் போகிறேன்.

தலைப்பு, ஒரு கேசினோ விடுதியின், அதாவது சூதாட்ட விடுதியின், வீழ்ச்சி. ஐந்து செய்திகள் சொல்வதாக உத்தேசம்: ஆறு, பாலம், கலிபோர்னியா, ஆட்ட மேசை, கட்டடம். ஐந்துக்கும் சேர்த்து ஒரே பழமொழி போதும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு.

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்துத் தென்முனையில், கொலராடோ ஆற்றங்கரையில் லாஃப்லின் என்றோர் ஊர். லாஸ் வேகாஸிலிருந்து தெற்கே 150 கிலோமீட்டர். அந்தக் கரையில் சுமார் 600 அடி நீளத்துக்கு ஒரு கப்பல் நிற்கிறது. மிசிசிப்பி ஆற்றில் ஓடிய பழைய துடுப்புச் சக்கர நீராவிக் கப்பலின் வடிவம். கரிய புகைபோக்கிகள்கூட உண்டு. ஆனால் அது மிதப்பதில்லை. கப்பல் வேடம் போட்ட கட்டடம். பெயர் கொலராடோ பெல். 1987-இல் திறந்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட அறைகள். உள்ளேயே பீர் காய்ச்சும் கூடம். குளிரிலிருந்து தப்பி வரும் ஓய்வூதியக்காரர்களுக்கும், லாஸ் வேகாஸின் விலை கட்டுப்படியாகாத குடும்பங்களுக்கும் அது செல்லப் பிள்ளையாக இருந்தது. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக நெவாடா முழுக்கக் கேசினோக்களை மூடினார்கள். ஜூன் 4-இல் திறக்க அனுமதி வந்தது. பக்கத்து விடுதிகளில் விளக்கெரிந்தது. பெல்லில் எரியவில்லை.

அந்த ஊர் எப்படிப் பிறந்தது என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. மின்னசோட்டாவில் பண்ணை வீட்டுப் பையன் ஒருவன், 1931-இல் பிறந்தவன், டான் லாஃப்லின். பொறி வைத்து விலங்கு பிடித்து, தோலை விற்ற காசில் தபால் மூலம் ஸ்லாட் மெஷின், அதாவது காசு போட்டு ஆடும் சூதாட்ட மெஷின், வாங்கினான். அதை வேட்டைக்காரர் விடுதியில் வைத்தான். ஒன்று பலவாயிற்று. தலைமையாசிரியர் கூப்பிட்டு, "மெஷினா, பள்ளிக்கூடமா, ஏதாவது ஒன்று" என்றாராம். பையன் கணக்குப் பார்த்தான். தலைமையாசிரியர் சம்பளத்தைப் போல மும்மடங்கு அவன் கைக்கு வந்துகொண்டிருந்தது! பள்ளிக்கூடம் ஒரு மாணவனை இழந்தது. (கைதட்டாதீர்கள், பிள்ளைகள் பார்க்கிறார்கள்.)

வளர்ந்து, லாஸ் வேகாஸ் பக்கம் ஒரு சின்ன கேசினோ நடத்தி, விற்று, 1964-இல் சொந்த விமானத்தில் இந்த ஆற்றுக்கு மேலே பறக்கிறார். கீழே என்ன தெரிகிறது? பலகையடித்து மூடிய எட்டு அறை மோட்டல், சாலையோரத் தங்கும் விடுதி. 2,35,000 டாலருக்கு வாங்குகிறார். கையில் கொடுத்தது 35,000, மீதி தவணை. 1966-இல் திறந்தபோது 12 ஸ்லாட் மெஷின், இரண்டு ஆட்ட மேசை, 98 சென்டுக்கு வயிறு நிறையக் கோழிச் சாப்பாடு. எட்டு அறையில் நான்கில் குடும்பமே குடியிருந்தது, வாடகைக்கு நான்குதான். தபால் நிலையம் கேட்டபோது ஊருக்குப் பெயர் வேண்டுமே, ரிவர்சைட் என்றும் கேசினோ என்றும் எழுதிக் கொடுத்தார். தபால் ஆய்வாளர் இரண்டையும் தள்ளிவிட்டு இவர் பெயரையே வைத்துவிட்டார். எதிர்க்கரை அரிசோனா. அங்கே வண்டியை நிறுத்திவிட்டுப் படகில் வந்துகொண்டிருந்தார்கள் ஆட்டக்காரர்கள். அதற்கும் 1987-இல் தன் காசு சுமார் 35 லட்சம் டாலர் போட்டுப் பாலம் கட்டி, இரண்டு மாநிலங்களுக்கும் கொடுத்துவிட்டார். 2023-இல், 92 வயதில் காலமானார். ஆற்றின் மேல் காசு போட்டவர்தான், ஆனால் அளந்து போட்டார். பூட்டிய கட்டடத்திலிருந்துதான் அந்த ஊரே முளைத்தது என்பதை மட்டும் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் கேட்பேன்.

கலிபோர்னியாவைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2000 மார்ச்சில் அந்த மாநில மக்கள் வாக்களித்துப் பழங்குடியினர் நிலத்தில் கேசினோவுக்கு வழிவிட்டார்கள். பாலைவனத்தில் நான்கைந்து மணி நேரம் வண்டி ஓட்டி லாஃப்லினுக்கு வந்தவர்களுக்கு வீட்டுப் பக்கத்திலேயே மெஷின் வந்துவிட்டது. 2005 கடைசியில் லாஃப்லினின் 1,580 மெகாவாட் நிலக்கரி மின்நிலையமும் மூடப்பட்டது. பெல்லும் பக்கத்து எட்ஜ்வாட்டர் விடுதியும் சேர்ந்து 2007-இல் 20 கோடி டாலருக்குக் கைமாறின. 2019-இல் அதே இரண்டும் 19 கோடிக்கு. பன்னிரண்டு ஆண்டு விலைவாசியை நீங்களே கூட்டிப் பாருங்கள். அப்போது வாங்கியவர்களுக்கு அதே கரையில் அக்வேரியஸ் என்ற கேசினோ விடுதியும் சொந்தமாக இருந்தது.

ஆட்ட மேசைக்கு வருவோம். இது கேசினோத் தொழிலுக்கே பொதுவான நோய். ரூலெட் சக்கரத்தில் ஒரு பூஜ்யம் இருந்தால், கட்டும் பணத்தில் சராசரியாகக் கேசினோவுக்கு 2.70 சதவீதம், இரண்டு இருந்தால் 5.26, மூன்று இருந்தால் 7.69. மணிக்கு 40 சுற்று, சுற்றுக்கு 10 டாலர் என்றால், சராசரியாக ஒரு பூஜ்யத்தில் போவது சுமார் 11 டாலர், இரண்டில் 21, மூன்றில் 31. பிளாக்ஜாக் சீட்டாட்டத்தில், முதல் இரண்டு சீட்டிலேயே 21 வந்தவருக்கு 10 டாலருக்கு 15 கொடுத்த இடத்தில் 12 கொடுத்தால், மேசையைச் சுற்றி எதுவும் மாறியதாகத் தெரியாது. ஆனால் பையில் மாறும். வாடிக்கையாளர் சதவீதம் பார்ப்பதில்லை. கொண்டுவந்த நூறு டாலர் எவ்வளவு நேரம் தாங்கியது என்றுதான் பார்க்கிறார். போன தடவை இரவுச் சாப்பாடு வரைக்கும் வந்தது, இந்தத் தடவை மதியத்திலேயே தீர்ந்தது. அடுத்த தடவை அவர் வருவதில்லை. அளந்து போடு என்பது எடுக்கிறவனுக்கும்தான்.

இனி கட்டடம். இங்கேதான் நிற்கப்போகிறேன். இது பெல்லைப் பற்றி மட்டும் அல்ல. எந்த ஊரிலும் பூட்டிய எந்தப் பெரிய விடுதிக்கும் பொருந்தும்.

சாவியைத் திருப்பிய நாளே சேதம் தொடங்குகிறது. அறைக்கு வாஷ்பேசின், குளியல் தொட்டி, கழிப்பறை என மூன்று இடத்தில் வளைகுழாய்த் தண்ணீர்தான் சாக்கடைக் காற்றைத் தடுக்கிறது. அந்த நீர்ப்பூட்டு இரண்டிலிருந்து நான்கு அங்குலம். நெவாடாவின் உச்ச வெப்பம், 125 டிகிரி ஃபாரன்ஹீட், 1994-இல் பதிவானது இதே லாஃப்லினில்தான். அந்தக் காற்றில் நீர்ப்பூட்டு சில வாரங்களிலேயே காய்ந்துவிடும். ஆயிரம் அறைக்கு மூவாயிரம் வளைகுழாய். காய்ந்தால் நாற்றமும் கரப்பானும் மேலே ஏறும். வைத்தியம் சின்னது: தண்ணீர் ஊற்றி, மேலே கொஞ்சம் மினரல் ஆயில் விடுங்கள். எண்ணெய்ப் படலம் ஆவியாவதைத் தாமதப்படுத்தும்.

குழாயில் நிற்கும் தண்ணீர் அதைவிட மோசம். குளோரின் இறங்கிவிடும். 25-லிருந்து 45 டிகிரி செல்சியஸ், நிமோனியா தரும் லெஜியோனெல்லா பாக்டீரியாவுக்கு மாமியார் வீட்டு விருந்து. 1976-இல் பிலடெல்பியாவின் பெல்வியூ-ஸ்ட்ராட்ஃபோர்டு ஓட்டலில் மாநாட்டுக்கு வந்த முன்னாள் படைவீரர்களில் 29 பேர் இந்தக் கிருமியால் இறந்தார்கள். அந்த ஆண்டே ஓட்டலைப் பூட்டினார்கள். அதற்கு அடுத்த ஆண்டுதான் கிருமி இன்னதென்று அறிவித்தார்கள். ஆகவே கூலிங் டவரை, அதாவது ஏசிக்கான தண்ணீரைக் குளிர்விக்கும் கோபுரத்தை, வடித்துக் காயவிட வேண்டும். வெந்நீர்த் தொட்டி ஓடுமானால் 60 டிகிரிக்குக் குறையக்கூடாது. ஒவ்வொரு குழாயையும் வாரம் ஒருமுறை திறந்துவிட வேண்டும். அறைக்கு ஐந்து நிமிடம் என்றால் ஆயிரம் அறைக்கு 83 மணி நேரம். அதாவது இரண்டு ஆளின் ஒரு வார வேலை. அவ்வளவுதான் செலவு! அதுவும் முடியாதென்றால் முழுவதும் வடித்து, கம்ப்ரசர் காற்றால் ஊதிவிடுங்கள். திரும்பத் திறக்கும்போது 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு) குளோரின் 24 மணி நேரம் நிறுத்தி, பிறகு அலசுங்கள். தண்ணீரை வடிக்கிறேன் என்று, தீப்பிடித்தால் தண்ணீர் தூவும் ஸ்பிரிங்க்ளர் லைனையும் சேர்த்து வடித்துவிடாதீர்கள். டீசல் ஃபயர் பம்ப் வாரம் 30 நிமிடம் ஓடியே ஆகவேண்டும். ஆளில்லாத கட்டடத்தில் தீப்பிடித்தால் யார் பார்த்துச் சொல்வது?

நகர்மன்ற உறுப்பினர்களே, இந்த மேடையில் நான் கேட்பது ஒன்றே ஒன்று. நூறு அறைக்கு மேலுள்ள எந்த விடுதி பூட்டினாலும், "பூட்டிய கட்டடப் பதிவேடு" கட்டாயம் என்று தீர்மானம் போடுங்கள். பதிவேட்டில் ஏழே பத்தி: தேதி, அறை எண், குளிர்நீர் வெப்பம், வெந்நீர் வெப்பம், திறந்துவிட்ட நிமிடம், வளைகுழாய் நிரப்பியதா, கையெழுத்து. மாதம் ஒருமுறை நகராட்சி ஆள் போய்ப் பத்து அறையில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் பொய் எழுத முடியாது. முடிந்து வைக்கச் சொன்னேனே, அந்த எட்டு அறை மோட்டல்! பலகையைப் பெயர்த்து ஒரு குடும்பம் உள்ளே போய்க் குடியிருக்க முடிந்தது. ஆயிரம் அறைக் கட்டடத்தில் மூன்று கோடை கவனிப்பாரில்லாமல் போனால், வாங்க வருகிறவர் முதலில் குழாய் மாற்றும் செலவைத்தான் கேட்பார். பிறகு இடிக்கும் செலவைக் கேட்பார்.

பேராசிரியர் அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டார்கள். ஆற்றைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னது அப்படியே நிற்கிறது. தலைவர் இன்னொரு நாள் அழைக்கட்டும். மனு வாசல் மேசையில் இருக்கிறது, பேனாவை நூலில் கட்டியிருக்கிறோம். வணக்கம்.