ஈயச் சொம்பில் ஒரு ஓட்டை
(ஊர் நூலக வாசகர் வட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம். வேதியியல் ஆய்வாளர் ஒருவரைப் பேச அழைத்தால் அணுவையும் அண்டத்தையும் பற்றிப் பேசுவார் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். மேசைமேல் இருக்கும் இந்தப் பழைய ஈயச் சொம்பைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

என் பாட்டி இதை நேரடியாக அடுப்பில் ஏற்றி ரசம் வைப்பார். சொம்பு செய்யப்பட்ட வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். அடுப்புச் சுடரின் வெப்பமோ ஆயிரம் டிகிரியைத் தாண்டும். அப்படியிருந்தும் சொம்பு உருகாமல் நிற்பதற்குக் காரணம் உள்ளே இருக்கும் புளித்தண்ணீர். கொதிக்கும் நீர் நூறு டிகிரிக்கு அருகிலேயே நின்றுகொண்டு, வந்துசேரும் சூட்டையெல்லாம் ஆவியாவதற்கே செலவழித்துவிடுவதால், மெல்லிய உலோகச் சுவரும் அதைவிட வெகுதூரம் சூடேற முடிவதில்லை. பாட்டிக்கு இந்தக் கணக்கு தெரியாது. "புளித்தண்ணிய ஊத்திட்டுத்தான் அடுப்புல வைக்கணும்" என்ற ஒரே வாக்கியம் தெரியும். அது போதுமானதாகவும் இருந்தது. பதினோரு வயதில் நான் அந்த வாக்கியத்தைச் சோதித்துப் பார்த்தேன். வெறும் சொம்பை அடுப்பில் வைத்துவிட்டு எண்ணத் தொடங்கினேன். நூறு எண்ணுவதற்குள் அடியில் ஒரு பளபளப்பான துளி திரண்டு, பாதரசம்போல் உருண்டு பர்னரில் விழுந்தது. என் முதல் ஆய்வு முடிவு அதுதான். முதுகில் விழுந்தது இரண்டாவது முடிவு.

தெருவில் பாத்திரம் பற்றவைக்க வந்தவரிடம் சொம்பைக் கொடுத்தார்கள். அவர் ஓட்டையைச் சுரண்டி, நவச்சாரத்தைத் தேய்த்து, வெண்புகை எழும்ப, சூடான பற்றுக்கோலால் எட்டணாக் காசு அளவுக்கு ஒரு ஒட்டைப் போட்டுக் கொடுத்தார். தெரிகிறதா, அடியில் மங்கலாக இருக்கும் இந்த வட்டம்? அதன் பிறகும் இருபது வருடங்களுக்குமேல் இதில்தான் எங்கள் வீட்டு ரசம் கொதித்தது.

இனி ஈயம் என்ற சொல்லுக்கு வருகிறேன். தமிழில் இந்த ஒரே பெயரில் இரண்டு உலோகங்கள் குடியிருக்கின்றன. வெள்ளீயம் சமையலுக்கு உகந்தது, காரீயம் நஞ்சு. ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை என்று பழமொழி சொன்னாலும், புளி பட்டால் களிம்பேறும் பித்தளைக்கு வெள்ளீயம் பூசினால்தான் மானம் என்பது சமையலறையில் புழங்கியவர்களுக்குத் தெரியும். வெள்ளீயக் கம்பியைக் காதருகே பிடித்து வளைத்தால், உள்ளிருக்கும் படிகங்கள் இடம் மாறும்போது கிறீச்சென்று முனகும். காரீயம் சத்தமே போடாது. காகிதத்தில் தேய்த்தால் சாம்பல் நிறக் கோடு மட்டும் இழுக்கும். புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலம் காரீயத்தைச் சிறிது சிறிதாகக் கரைத்து ரசத்தோடு சேர்த்துவிடும். உடல் அதைச் சுண்ணாம்புச் சத்து என்று ஏமாந்து எலும்பில் பல்லாண்டுகள் சேமித்து வைக்கும். உண்ட காரீயத்தில் பெரியவர்களின் குடல் உறிஞ்சுவதைவிடச் சிறு குழந்தைகளின் குடல் பல மடங்கு உறிஞ்சிக்கொள்ளும்.

அப்படியானால் இந்தச் சொம்பு எந்த ஈயம்? வீட்டிலேயே பார்க்கலாம் என்று போன மாதம் இறங்கினேன். சமையலறைத் தராசில் ஒரு வாளித் தண்ணீரை வைத்து, முள்ளைச் சுழிக்குக் கொண்டுவந்து, உள்ளே காற்று தங்காதபடி சொம்பைச் சாய்த்து, நூலில் கட்டி, அடியைத் தொடாமல் முழுக்காட்டினால், தராசு கூடுதலாகக் காட்டும் கிராம்தான் சொம்பு உலோகத்தின் கனஅளவு. என் சொம்பின் எடை 613 கிராம். கனஅளவு 84 கன சென்டிமீட்டர். வகுத்தால் 7.3. வெள்ளீயத்தின் அடர்த்தியும் 7.3தான், காரீயத்துக்கு 11.3. அம்மாவிடம் போய்ச் சுத்த வெள்ளீயம் என்று சொல்லிவிட்டேன்.

இரவு படுத்த பிறகுதான் உறைத்தது. சொம்பில் நூற்றுக்கு ஐந்து பங்கு காரீயம் கலந்திருந்தால் அடர்த்தி 7.4 என்றுதான் வரும். கனஅளவில் ஒன்றரை மில்லிகூட வித்தியாசம் இருக்காது. கழுத்தடியில் ஒட்டிக்கொண்ட ஒரு காற்றுக்குமிழி அந்த வித்தியாசத்தை விழுங்கிவிடும். முழுக்கக் காரீயம் அல்ல என்பதற்கு மேல் எதையும் சொல்ல என் தராசுக்கு உரிமை கிடையாது. விடிந்ததும் அம்மாவிடம் அதைச் சொல்வதற்கு எனக்குச் சங்கடமாக இருந்தது. ஆய்வுக் கட்டுரையில் பிழைதிருத்தம் வெளியிடுவதைவிடச் சங்கடம்.

இந்தச் சங்கடத்துக்கு அஞ்சாதவர்களும் அஞ்சியவர்களும் சேர்ந்து எழுதிய வரலாறு ஒன்று உண்டு. 1921ஆம் ஆண்டு டிசம்பரில், அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் தாமஸ் மிட்ஜ்லி, பெட்ரோலில் காரீயச் சேர்மம் ஒன்றைச் சிறிதளவு கலந்தால் எஞ்சினுக்குள் எரிபொருள் தாறுமாறாக வெடிப்பதால் எழும் இடிப்பு நின்றுவிடுவதைக் கண்டறிந்தார். வேதியியலாளன் என்ற முறையில் சொல்கிறேன், அது அழகான வேலை. விற்பனைக்கு வந்தபோது அதற்கு வைத்த பெயர் 'எத்தில்'. ஈயம் என்ற சொல் அதில் இல்லை. 1924 அக்டோபரில் நியூ ஜெர்சி ஆலையில் அதைத் தயாரித்த தொழிலாளர் ஐவர் மூளை கலங்கி இறந்தார்கள். அந்த மாத இறுதியில் மிட்ஜ்லி செய்தியாளர்கள் முன்னால் அந்தத் திரவத்தைக் கையில் ஊற்றித் தேய்த்து, முகர்ந்தும் காட்டினார். முந்தைய ஆண்டுதான் அவரே ஈய நஞ்சேறி ஓய்வெடுத்துத் திரும்பியிருந்தார். அதாவது, அவருக்குத் தெரியும். கெடுதல் என்று நிரூபித்துக் காட்டுங்கள், பிறகு நிறுத்துவதைப் பற்றிப் பேசலாம் என்ற வாதத்தை, அத்தொழில்துறையின் மருத்துவரான ராபர்ட் கெஹோ பல பத்தாண்டுகள் உயிரோடு வைத்திருந்தார். ஐயத்தின் சுமையை மூச்சு விடுபவன் தலையில் ஏற்றி வைக்கும் வாதம் அது.

கிளேர் பாட்டர்சன் என்ற புவிவேதியியலாளருக்கு இந்தச் சண்டையில் நுழையும் எண்ணமே இருக்கவில்லை. விண்கல்லில் இருக்கும் காரீயத்தின் வகைகளை அளந்து பூமியின் வயதைக் கணக்கிடவே அவர் விரும்பினார். ஆனால் எதை அளந்தாலும் காரீயம் வந்து நின்றது. தலைமுடியில், மேசையில், காற்றில், எங்கும். தூசியற்ற ஆய்வகம் கட்டி, தரையைத் திரும்பத் திரும்பத் துடைத்த பிறகுதான் 1956இல் பூமியின் வயது ஏறத்தாழ 455 கோடி ஆண்டுகள் என்று அவரால் வெளியிட முடிந்தது. வேறொருவராக இருந்தால் அந்த அழுக்கை வெறும் இடையூறு என்று துடைத்துப் போட்டிருப்பார். பாட்டர்சனோ அது எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். பெட்ரோல் புகைதான் பெருங்காரணம் என்று 1965இல் எழுதினார். ஆய்வுக்கு வந்த நிதி நின்றது, 1971இல் காற்றிலுள்ள ஈயத்தை ஆராய்ந்த அமெரிக்கத் தேசியக் குழுவில் அவருக்கு இடமில்லை. இந்தியா ஈயம் கலந்த பெட்ரோலை 2000இல் நிறுத்தியது. உலகின் கடைசி நாடாக அல்ஜீரியா நிறுத்தியது 2021இல்.

பாட்டர்சன் செய்த இன்னொரு வேலைதான் என்னை மறுபடி சொம்பின் பக்கம் திருப்பியது. டின்னில் அடைத்த சூரை மீனில், கடலில் பிடித்த அதே மீனைவிட ஆயிரக்கணக்கான மடங்கு காரீயம் இருப்பதை 1980இல் காட்டினார். அதில் பெரும்பங்கு மீனிலிருந்து வரவில்லை. டின்னின் மூட்டைப் பற்றவைத்த பற்றாசிலிருந்து வந்தது. பற்றாசு என்பது பொதுவாக வெள்ளீயமும் காரீயமும் கலந்த கலவை. எளிதில் உருகுவதற்காக அப்படிச் செய்வார்கள்.

சொம்பைப் புரட்டி அடியைப் பார்த்தேன்.

தெரிந்த கல்லூரி ஒன்றில் எக்ஸ்ரே ஒளிர்வுக் கருவி இருக்கிறது. உலோகத்தின்மீது எக்ஸ்ரேயைப் பாய்ச்சினால், ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய எக்ஸ்ரேயைத் திருப்பி உமிழ்ந்து தன் பெயரைச் சொல்லிவிடும். சொம்பின் பக்கவாட்டிலும் கழுத்திலும் ஏறக்குறைய முழுக்க வெள்ளீயம். பாட்டி நல்ல சொம்பாகத்தான் வாங்கியிருக்கிறார். ஒட்டுப்போட்ட வட்டத்தில் நூற்றுக்கு நாற்பது பங்கு காரீயம். அந்த வட்டத்தின் மேல் இருபது வருடம் புளித்தண்ணீர் கொதித்திருக்கிறது. ஓட்டை விழுந்தபோது என் தங்கைக்கு மூன்று வயது.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எவ்வளவு காரீயம் ரசத்தில் இறங்கியிருக்கும் என்று இப்போது கணக்கிட முடியாது என்பதையும் சேர்த்தே சொன்னேன். அவர் சொம்பை வாங்கி, அந்த வட்டத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். பற்றவைத்தவரைப் பற்றியோ கடைக்காரரைப் பற்றியோ அவர் ஒன்றும் கேட்கவில்லை.

"ஓட்டை போட்டது நீதானடா" என்றார்.

வீட்டில் இப்போது எவர்சில்வரில்தான் ரசம். ருசி குறைந்துவிட்டது என்று அம்மா சொல்கிறார். அதை அளந்து பார்க்க என்னிடம் கருவி இல்லை. உங்கள் வீட்டில் ஈயச் சொம்பு இருந்தால் அடுத்த கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள், கல்லூரியில் அனுமதி வாங்கியிருக்கிறேன். ஒட்டுப்போட்டிருந்தால் யார் ஓட்டை போட்டது என்று மட்டும் வீட்டில் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.