பாத்தியில் கிடைத்த முட்டையைக் கோழிமுட்டைப் பெட்டியில் வைக்கலாமா?

அடுத்த கேள்வி நுவரெலியா மாவட்டத்து ராகலைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். "அண்ணா, லீக்ஸ் பாத்திக்கு மண் கொத்தும்போது வெள்ளையாக, தோல் மாதிரி மெத்தென்ற முட்டைகள் ஏழெட்டு கிடைத்தன. பாம்பு முட்டையா, ஓணான் முட்டையா தெரியவில்லை. போன வீடியோவில் கோழி முட்டை பொரிக்க நீங்கள் செய்து காட்டிய ரெஜிபோம் பெட்டியில் வைத்தால் பொரிக்குமா? எத்தனை பாகையில் வைக்க வேண்டும்?"

சரி தம்பி, முதலில் ஒரு வேலை செய்யுங்கள். முட்டைகள் இப்போது எப்படிக் கிடக்கின்றனவோ அப்படியே இருக்கட்டும். ஒவ்வொன்றின் மேல்பக்கத்திலும் பென்சிலால் சின்னதாக ஒரு புள்ளி வையுங்கள். மார்க்கர் பேனா வேண்டாம், மை தோலுக்குள் இறங்கும். புள்ளி வைத்த பக்கம் இனி எப்போதும் மேலேதான் இருக்க வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

கோழி முட்டைக்குள் மஞ்சள் கருவை இரண்டு பக்கமும் வெண்கருவால் ஆன முறுக்குக் கயிறுகள் பிடித்திருக்கும். நாம் முட்டையைத் திருப்பினாலும் கரு உள்ளுக்குள் சுழன்று மேலே வந்துவிடும். அதனால்தான் 21 நாளில் முதல் 18 நாளும் முட்டையைத் திருப்பச் சொல்கிறோம். திருப்பாவிட்டால் கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும், குஞ்சு வராது. ஊர்வன முட்டையில் அந்தக் கயிறு கிடையாது. முட்டை இட்டு ஒரு நாள் போவதற்குள் கரு மேல்பக்கத்துச் சவ்வில் ஒட்டி அங்கேயே வளரத் தொடங்கும். கோழிக் கருவைக் கொல்கிற அதே ஒட்டுதல்தான் இதற்கு உயிர். அதைத் தலைகீழாகத் திருப்பினால் மஞ்சள் கருவின் பாரம் முழுவதும் கருவின் மேல் விழும், ஒட்டிய சவ்வும் கிழியலாம். ஆகவே திருப்பும் தட்டு வைத்த அந்தப் பெட்டி இதற்கு ஆகவே ஆகாது.

இரண்டாவது சூடு. கோழிக்கு 37.5 பாகை செல்சியஸ் வைத்தோம். பெரும்பாலான ஊர்வன முட்டைகளுக்கு 26 முதல் 31 பாகைதான் கணக்கு. 37 பாகையில் தொடர்ந்து வைத்தால் பொரிக்க எதுவும் மிஞ்சாது. அதிலும் நம்முடைய மலைநாட்டு உயிர்கள் வேறு. நுவரெலியாவில் ஆண்டுச் சராசரி வெப்பமே 16 பாகை அளவுதான். அந்த மண்ணில் முட்டையிட்டுப் பழகிய இனங்களுக்கு, கடையில் விற்கும் வெளிநாட்டுப் பல்லிக்குச் சொன்ன அளவை வைப்பது சரியில்லை. குளிர் மண்ணில் கரு மெதுவாக வளரும், நாள் கூடும். அது குறையில்லை, அதன் இயல்பே அதுதான்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஹக்கலை, ஹோர்ட்டன் சமவெளிப் பக்கம் வாலைச் சுருட்டிக் கிளையைப் பிடித்துக்கொள்கிற ஒரு சின்ன ஓணான் இருக்கிறது. கொபோடிஸ் என்பது அதன் அறிவியல் பெயர். இலங்கையைத் தவிர வேறு எங்கும் அது இல்லை. அது முட்டையே இடாது, குட்டி போடும். குளிர் மண்ணில் முட்டையை விட்டுப் போவதைவிட, வயிற்றிலேயே வைத்துக்கொண்டு வெயில் விழும் இடமாகப் பார்த்துத் தாய் நகர்ந்துகொள்ளலாம் அல்லவா? குளிர் தேசங்களில் பல பல்லிகளும் பாம்புகளும் இந்த வழிக்கு வந்திருக்கின்றன. கொழுந்து எடுப்பவர்கள் பயப்படுகிற பச்சை விரியனும் குட்டி போடுவதுதான்.

மூன்றாவது ஈரம். கோழி முட்டை ஓட்டுக்கு வெளியே காற்றில் ஈரம் இருந்தால் போதும். தோல் முட்டை அப்படியில்லை, சுற்றியுள்ள மண்ணிலிருந்து தண்ணீரை உறிஞ்சிப் பருக்கும். காய்ந்தால் பள்ளம் விழும். உங்கள் முட்டைகளில் பள்ளம் தெரிந்தால் உடனே கெட்டுப்போனது என்று வீசாதீர்கள். ஈர மண்ணுக்குள் போனால் பல முட்டைகள் திரும்ப நிமிரும்.

பெட்டி எப்படிச் செய்வது என்று இன்னும் பலர் கேட்டதால் அதையும் சொல்கிறேன். இது அனுமதியோடு ஊர்வன வளர்ப்பவர்களுக்கும், ஆய்வு செய்கிற மாணவர்களுக்கும் உதவும். மீன் வருகிற தடித்த ரெஜிபோம் பெட்டி ஒன்று எடுங்கள். அடியில் நான்கு விரல் உயரத்துக்குத் தண்ணீர், அதற்குள் மீன் தொட்டி ஹீட்டர். தண்ணீருக்கு மேலே தலை தெரியும்படி இரண்டு செங்கல், அதன் மேல் மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா. டப்பாவுக்குள் வெர்மிகுலைட் (ஈரத்தைப் பிடித்து வைக்கும் கனிமத் துகள்), எடைக்கு எடை தண்ணீர் சேர்த்தது. 100 கிராமுக்கு 100 கிராம். அது கிடைக்காவிட்டால் கழுவிய தும்புத்தூள், அதாவது தேங்காய் நார்த் தூள். கையில் இறுக்கிப் பிழிந்தால் சொட்டக் கூடாது, அதுதான் பதம். முட்டையைப் பாதி அளவுக்கு அதில் புதைத்து, மூடியின் உள்பக்கத்தில் சேரும் துளி முட்டையில் விழாதபடி மூடியைக் கொஞ்சம் சாய்வாக வையுங்கள்.

வெப்பத்தைப் பார்க்க ஹீட்டரோடு வருகிற திருகை மட்டும் நம்ப வேண்டாம். மலிவாகக் கிடைக்கும் டிஜிட்டல் தெர்மோஸ்டாட் ஒன்று போட்டு, அதன் சென்சரை முட்டைக்குப் பக்கத்தில் வையுங்கள். பெட்டிச் சுவரில் ஒட்டினால் அது சுவரின் சூட்டைத்தான் சொல்லும். முட்டை வைப்பதற்கு முன் இரண்டு மூன்று நாள் வெறும் பெட்டியை ஓட விட்டு, இரவும் பகலும் அளவு நிலையாக நிற்கிறதா பாருங்கள். கரண்ட் போனால் பதற வேண்டாம். அடியில் தண்ணீர் இருப்பதால் சூடு மெதுவாகத்தான் இறங்கும், பெட்டியைத் திறக்காமல் சாக்கு போர்த்தி வையுங்கள். சில மணி நேரம் குளிர்ந்ததைக் கரு தாங்கும். அதிக சூட்டைத்தான் தாங்காது. தண்ணீரும் 230 வோல்ட்டும் ஒரே பெட்டியில் இருப்பதால் மின்சாரம் கசிந்தால் தானாக அணைக்கிற ட்ரிப் சுவிட்ச் இல்லாத லயன் வீட்டில் இதைச் செய்யவே வேண்டாம். கை விடுவதற்கு முன் பிளக்கைக் கழற்றுங்கள்.

சூட்டில் இன்னொரு விஷயம் இருக்கிறது. ஆமை, முதலை, சில பல்லிகளுக்கு ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்வதே முட்டையின் வெப்பம்தான். வெளிநாடுகளில் வளர்க்கும் சிறுத்தைப் பல்லியில் 26 பாகையில் ஏறக்குறைய எல்லாம் பெண், 32.5 பாகையில் பெரும்பாலும் ஆண். கடலாமையில் 29 பாகைக்கு மேலே போகப் போகப் பெண் கூடும். கொஸ்கொடை ஆமைக் காப்பகங்களுக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். அங்கே முட்டைகளைக் கடற்கரை மணலில்தான் மறுபடி புதைக்கிறார்கள்.

தம்பி, உங்களுக்கும் என் பதில் அதுதான். மண்ணுக்கே திருப்பிக் கொடுங்கள். 1937 முதல் இருக்கிற தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி நம் நாட்டு ஊர்வனவற்றில் பெரும்பாலானவை பாதுகாக்கப்பட்டவை, முட்டைகளும் அதில் அடங்கும். அனுமதியில்லாமல் வீட்டில் வைத்துப் பொரிக்க முடியாது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், பொரித்த பிறகு அந்தக் குஞ்சுக்கு என்ன கொடுப்பீர்கள்? அதற்குத் தெரிந்த இரை அந்தப் பாத்தியில்தான் இருக்கிறது.

உங்கள் பக்கத்து மரக்கறிப் பாத்தியில் அடிக்கடி அகப்படுவது மண்ணுக்குள் வாழ்கிற சின்னப் பழுப்புப் பாம்பு. சிங்களத்தில் மெடில்லா என்பார்கள். விஷமில்லை, கடிக்கவும் வராது, மண்புழு தின்று வாழும், மலைநாட்டுக்கே உரியது. மண்வெட்டியில் பட்டு எத்தனையோ சாகின்றன, எனக்கு அது பெரிய வருத்தம். கன்னம் கறுத்த பச்சை ஓணானும் இதே மாதிரி மண் தோண்டித்தான் முட்டையிடும், அதுவும் இங்கே மட்டும் உள்ளது. முட்டையின் வெளித்தோற்றத்தை மட்டும் பார்த்துத் தாயைச் சொல்லக் கூடாது, ஆனால் எதுவாக இருந்தாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான்.

எடுத்த பாத்தியின் ஓரத்தில், இனிக் கொத்தாத இடமாக, எடுத்த அதே ஆழத்துக்குக் குழி எடுங்கள். அடியில் ஈர மண்ணைப் பொலபொலவென்று போடுங்கள். கரண்டியால் ஒவ்வொன்றாக, புள்ளி மேலே இருக்கும்படி இறக்குங்கள். அதே மண்ணால் மூடுங்கள், மிதிக்க வேண்டாம். மேலே காய்ந்த இலை கொஞ்சம், பக்கத்தில் ஒரு குச்சி. தண்ணீர் தேங்கும் பள்ளம் மட்டும் கூடாது, மலை மழையில் முட்டை மூச்சடைத்துப் போகும்.

கீழே, வெப்பமான பக்கத்தில் இருந்து கேட்பவர்கள், வீட்டு வாசலிலேயே முட்டை கிடந்து நாகமாக இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் கையே வைக்காதீர்கள். பொரித்த அன்றைக்கே நாகக் குட்டிக்கு விஷம் உண்டு. வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு 1992 என்ற எண்ணில் சொல்லுங்கள்.

தம்பி, குச்சி நட்ட அந்த மூலைக்கு மூன்று மாதமாவது பூச்சி மருந்து அடிக்காமல், உரம் கொட்டாமல் விடுங்கள். லீக்ஸ் நாற்றை மற்றப் பக்கத்தில் நடலாம்.