மை எந்த அடுக்கில் இருக்கிறது?

நேயர்களுக்கு வணக்கம். பாலக்கோடு, அரூர் பக்கம் ராகி மாவு, தட்டுவடை, முறுக்கு என்று பாக்கெட் போட்டு விற்கும் மகளிர் குழுக்களை மனதில் வைத்தே இன்று பேசுகிறேன். பாக்கெட் வாங்கும்போது கலரும் கிலோ விலையும் கேட்கிறோம். அச்சு மை எந்த அடுக்கில் இருக்கிறது என்றும் கேட்க வேண்டும்.

நல்ல பவுச்சில் 12 மைக்ரான் பாலியெஸ்டர் படலத்தின் உள்முகத்தில் எழுத்தைத் திருப்பி அச்சிட்டு, பசை தடவி, பாலித்தீன் படலத்தை ஒட்டுவார்கள். மை நடுவில் அடைபட்டுவிடும். நகத்தால் சுரண்டினாலும் வராது. விலை குறைந்த ஒற்றை அடுக்கு ரோலில் மை வெளிமுகத்திலேயே இருக்கும். சாப்பாடு உள்ளேதானே இருக்கிறது என்று தோன்றும். ஆனால் ரோலாகச் சுற்றும்போது ஒரு சுற்றின் அச்சிட்ட முகம் அடுத்த சுற்றின் உள்முகத்தில் அழுந்துகிறது. தகர ஷெட்டில், சித்திரை வெயிலில், வாரக்கணக்காக அப்படியே கிடக்கிறது. மையிலுள்ள சிறு மூலக்கூறுகள், உணவைத் தொடப்போகும் அந்த உள்முகத்துக்கு இடம் மாறிவிடும். நிறமே ஒட்டாததால் கண்ணுக்குத் தெரியாது.

டீக்கடைப் பேப்பர் கப்பும் இப்படித்தான். ஒன்றுக்குள் ஒன்று அடுக்கும்போது ஒரு கப்பின் அச்சிட்ட வெளிப்பக்கம் அடுத்ததன் உள்பக்கத்தைத் தொடுகிறது. அதில்தான் கொதிக்கும் டீயை ஊற்றுகிறோம். 2005இல் இத்தாலியில் குழந்தைகளுக்கான பாலில் ஐ.டி.எக்ஸ். என்ற பொருள் கண்டுபிடிக்கப்பட்டது. புறஊதா ஒளியில் மையை உலர வைக்கச் சேர்ப்பது அது. பெட்டியின் வெளிமுகத்து மையிலிருந்துதான் பாலுக்குப் போயிருந்தது.

பாலித்தீன் ஈரத்தைத் தடுக்கும். எண்ணெயில் கரையும் சிறு மூலக்கூறுகளை அவ்வளவாகத் தடுக்காது. ஆகவே மாவுக்குப் போதுமான பவுச் முறுக்குக்குப் போதாது. எண்ணெய்ப் பண்டம் என்று அச்சகத்தில் முன்கூட்டியே சொல்லி, நடுவில் அலுமினியத் தாள் வைத்த பவுச் கேளுங்கள். பண்டம் நன்றாக ஆறிய பிறகே நிரப்புங்கள்.

அவசர ஆர்டரும் ஆபத்து. ஒட்டும் பசை முழுதாக இறுக, பசையைப் பொறுத்துச் சில நாள் வேண்டும். இறுகாத பசையில் மிஞ்சும் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் ஈரத்தோடு சேர்ந்தால் அரோமேட்டிக் அமீன்கள் என்ற வேதிப்பொருள்கள் உருவாகும். அவற்றில் சில புற்றுநோய் உண்டாக்குபவை. படலங்களை ஒட்டிய, அதாவது லேமினேஷன் போட்ட தேதியைக் கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

சரக்கு வந்ததும் பவுச்சைத் துண்டுகளாக நறுக்கிச் சுத்தமான கண்ணாடிப் பாட்டிலில் போட்டு மூடி, ஒரு மணி நேரம் வெயிலில் வைத்துத் திறந்து முகருங்கள். பெயின்ட் நெடி அடித்தால் மையைக் கரைக்கச் சேர்த்த கரைப்பான் மிச்சம் இருக்கிறது, திருப்பி அனுப்புங்கள். நெடி இல்லை என்பதால் மட்டும் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஐ.டி.எக்ஸ். போன்றவை மூக்குக்குத் தெரியாது. அதற்குக் காகிதம்தான் சாட்சி: மை, உணவுப் பாக்கெட் மைக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 15495க்கு உட்பட்டது, டொலுவீன் என்ற கரைப்பான் இல்லாதது என்று அச்சகத்தாரிடம் எழுத்தில் வாங்குங்கள். அந்தத் தரம் 2020இல் திருத்தப்பட்டபோது டொலுவீன் விலக்கப்பட்டது.

அச்சிட்ட முகம் உணவைத் தொடக்கூடாது என்கின்றன 2018ஆம் ஆண்டின் உணவுப் பொதிவு விதிமுறைகள். பாக்கெட்டுக்குள் விலைச் சீட்டோ பரிசுச் சீட்டோ போடுவது இதனால்தான் தவறு. செய்தித்தாளில் உணவு மடிப்பதையும் அதே விதிகள் தடுக்கின்றன. செய்தித்தாள் மையிலுள்ள கனிம எண்ணெய் தாளில் ஊறி நிற்குமே தவிர முழுதாகக் காயாது. சூடான பஜ்ஜியின் எண்ணெய் அதைக் கரைத்து இழுத்துக்கொள்ளும். பஜ்ஜி கொடுக்க வாழை இலைத் துண்டு போதும். எண்ணெய் வடிக்க அச்சில்லாத வெள்ளைத் தாளை வையுங்கள்.